போன்ல நம்மட அந்தரங்கத்தக் காப்பாத்துறது எப்பிடி: கடைக்கு வாற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் போன் திருத்துற கடை வச்சிருக்கன். ஆரையம்பதியில இருந்தும் வருவாங்க, அங்கால கல்முனை, நிந்தவூர்ப் பக்கமிருந்தும் வருவாங்க. டிஸ்ப்ளே மாத்தி முடியுமட்டும் குந்தியிருக்கிற அந்த அரை மணித்தியாலத்துல அவங்க கேக்கிற கேள்விகளத்தான் இஞ்ச சேத்து எழுதியிருக்கன். எங்கயோ வெளிநாட்டுல இருந்து ஒரு ஹேக்கர் வந்து எல்லாத்தையும் எடுத்துப் போடுவான் எண்டுதான் கனபேர் பயப்படுற, ஆனா நான் கண்ட வரைக்கும் நம்மட ஆக்கள்ட விஷயம் வெளிய போறது போன் கைமாறுற இடத்துலயும், நம்பர் வாய்மாறுற இடத்துலயும்தான். அதால அந்த இடங்களப் பத்தி கூட எழுதுறன், மத்ததச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன்.

கேள்வி: என்னட்ட ஒளிக்க என்ன இருக்கு தம்பி, நான் ஏன் இதெல்லாம் பாக்கணும்?

ஓய்வெடுத்த ரீச்சர் ஒராள் இப்பிடிக் கேட்டா. போன்ல லொக் இல்ல. நான் டிஸ்ப்ளே மாத்திட்டு வேலை செய்யுதா எண்டு பாக்க அவட கையிலயே குடுத்து, உங்கட போட்டோ எல்லாம் இருக்கா எண்டு பாருங்க ரீச்சர் எண்டன். அவ தள்ளித் தள்ளிப் பாக்கக்குள்ள காணி உறுதி, பேங்க் புக் முதல் பக்கம், மகள்ட சாதகம், ஆஸ்பத்திரித் துண்டு, பேரப்பிள்ள குளிக்கிற படம், எல்லாம் வரிசையா வந்திச்சு. இதெல்லாம் முந்தி அலுமாரிக்குள்ள பூட்டி வச்சிருந்த சாமான்தானே, இப்ப போனுக்குள்ள கிடக்கு, பூட்டுத்தான் இல்ல. அண்டைக்கே அவக்கு லொக் போட்டுக் குடுத்தன்.

கேள்வி: சரி, முதல்ல எதைச் செய்யிற?

லொக். பற்றர்ன் கீறுறத விட ஆறு இலக்க பின் நல்லம், ஏனெண்டா பற்றர்ன் கீறின விரல் அடையாளம் கண்ணாடியில அப்பிடியே கிடக்கும், வெளிச்சத்துக்குச் சரிச்சுப் பிடிச்சா எனக்கே தெரியும். பிறந்த வருஷம், 123456, வாகன நம்பர் இதுகள வைக்காதீங்க. மறுகா செட்டிங்ஸுக்குப் போய் லொக் பண்ணின ஸ்கிரீன்ல மெசேஜ் உள்ளுக்க என்ன எண்டு காட்டாத மாதிரி வைங்க, இல்லாட்டி போன் மேசையில கிடக்கக்குள்ளயே வாற ஓடிபி (பேங்க், வட்ஸ்அப் அனுப்புற ஒருதரக் கோட்) பக்கத்துல இருக்கிற ஆளுக்குத் தெரியும். சிம்முக்கும் பின் போடலாம், போட்டா ஒருத்தர் சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டாலும் உங்கட ஓடிபி அவருக்குப் போகாது. ஆனா ஒண்டு, மூண்டு தரம் பிழையா அடிச்சா சிம் லொக்காகி, சிம் வந்த அட்டையில இருக்கிற பக் (PUK) நம்பர் கேக்கும், அதையும் பத்துத் தரம் பிழையா அடிச்சா அந்த சிம் செத்துரும், அதால சிம் வந்த அட்டைய எறியாதீங்க.

இன்னொரு விஷயம். இங்கிலீசுல வாற எச்சரிக்கைய வாசிக்காம ஓகே அமத்துறதாலதான் அரைவாசிப் பிரச்சினை. போன் மொழியத் தமிழுக்கு மாத்தலாம். அதுல வாற தமிழ் நம்மட பேச்சுத் தமிழ் இல்ல, கொஞ்சம் முறுக்காத்தான் கிடக்கும், எண்டாலும் எதுக்கு ஓம் சொல்லுறம் எண்டு விளங்கும்.

கேள்வி: தெரிஞ்ச ஆள் ஒருத்தர் ஆறு இலக்க நம்பர் ஒண்டு கேட்டார், குடுத்தன், மறுகா வட்ஸ்அப் போச்சு. என்ன நடந்த?

இதுதான் கடைக்கு ஆகக் கூட வாற கேஸ். போன மழைக் காலத்துல ஒரு அம்மா அழுதுகொண்டு வந்தா. அவட தங்கச்சிட நம்பர்ல இருந்து வட்ஸ்அப் மெசேஜ், "அக்கா உங்கட போனுக்கு ஒரு கோட் பிழையா அனுப்பிட்டன், அதக் கெதியா அனுப்புங்க" எண்டு. தங்கச்சிதானே எண்டு அனுப்பிட்டா. உண்மையில தங்கச்சிட வட்ஸ்அப் முதல் நாளே போயிட்டு, கதைச்சது களவன். அந்த ஆறு இலக்கம் அம்மாட வட்ஸ்அப்ப வேற போன்ல திறக்கிற திறப்பு. ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அவட குடும்பக் குரூப் முழுக்க "அவசரமாச் சல்லி வேணும், பின்னேரம் தாறன்" எண்டு மெசேஜ் போயிட்டு, கட்டார்ல இருக்கிற மருமகன் யோசிக்காமப் போட்டும் விட்டார். அவர் போட்டது பெரிய தொகை, அம்மாக்கு அதவிடப் பெரிய கவலை மருமகன்ட முகத்துல எப்பிடி முழிக்கிற எண்டு.

நடந்துட்டெண்டா உடன உங்கட போன்ல வட்ஸ்அப்ப அழிச்சுத் திருப்பிப் போட்டு, உங்கட நம்பரக் குடுத்து, வாற புதுக் கோடை நீங்களே அடியுங்க. அடிச்ச உடன களவன்ட போன்ல அது கழண்டுரும். அவன் முந்திக்கொண்டு டூ ஸ்டெப் பின் (வட்ஸ்அப்புக்கு வைக்கிற ரெண்டாவது பூட்டு நம்பர்) போட்டிருந்தா ஏழு நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனா நீங்க எஸ்எம்எஸ் கோடை அடிச்ச உடன அவனும் வெளியதான், அதால பின் தெரியாட்டியும் கோடை அடிக்காம விட்டுராதீங்க. அதுக்கிடையில எல்லாருக்கும் கோல் எடுத்துச் சொல்லுங்க, மெசேஜ் இல்ல, கோல்.

நடக்காம இருக்கணுமெண்டா இண்டைக்கே வட்ஸ்அப் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட் எண்டதுக்குள்ள போய் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் போட்டு ஆறு இலக்க பின் ஒண்டு வைங்க, ஈமெயிலும் குடுங்க, பின் மறந்தா அதால எடுக்கலாம். கோட் எண்டு எது வந்தாலும் ஒராளுக்கும் சொல்லப்படாது, பேங்க் எண்டாலும், மாமா எண்டாலும். "நட்சத்திரம் அமத்தி இந்த நம்பர அடியுங்க" எண்டு கோல்ல ஆரும் சொன்னா அடிக்காதீங்க, அது உங்களுக்கு வாற கோலத் தங்களுக்குத் திருப்புற வேலை. அடிச்சுட்டீங்களெண்டா ##002# அடிச்சுக் கோல் பட்டனை அமத்துங்க, திருப்பினது எல்லாம் கழண்டுரும். வட்ஸ்அப் வீடியோ கோல்ல ஸ்கிரீனக் காட்டச் சொன்னாலும் அதே கதைதான், நீங்க வாயத் திறக்காமலே வாற ஓடிபிய அவன் பாத்துருவான்.

கேள்வி: நான் வட்ஸ்அப்ல எழுதுறத இடையில ஆரும் வாசிக்கலாமா?

இடையில ஏலாது. 2016ல இருந்து மெசேஜ் எல்லாம் அனுப்புற போன்ல பூட்டுப்பட்டு வாங்குற போன்லதான் திறபடுது. ஆனா ரெண்டு பக்கக் கதவும் திறந்து கிடந்தா நடுவழிப் பூட்டால என்ன பிரயோசனம். ஒண்டு, லிங்க்ட் டிவைசஸ் எண்ட இடத்தத் திறந்து பாருங்க, உங்களுக்குத் தெரியாத கம்பியூட்டர் ஏதும் கிடந்தா உடன லொக் அவுட் பண்ணுங்க, உங்கட போனை ஒரு நிமிஷம் கையில எடுத்த ஆளே அதச் செய்திரலாம். ரெண்டு, கூகுள் டிரைவ்ல ஏறுற பேக்கப், அதாவது உங்கட மெசேஜ்ட பிரதி. அதுக்கும் பூட்டுப் போடுற வசதி 2021ல வந்திச்சு, ஆனா நீங்கதான் போய்ப் போடணும், தானா வராது. மறுகா குரூப்ல உங்களச் சேக்கிற அனுமதிய மை கொண்டெக்ட்ஸ் எண்டு மாத்துங்க, தெரியாத குரூப்ல கிடந்து நம்பர் ஊரெல்லாம் போறது நிக்கும்.

கேள்வி: போன் திருத்தக் குடுக்கக்குள்ள என்ன கவனிக்கிற? உண்மையச் சொல்லுங்க அண்ணா.

இந்தக் கேள்விய ஒரு கம்பஸ் தங்கச்சி கேட்டா, கேக்கக்குள்ள குரல் நடுங்கினது. முந்தி வேற ஒரு இடத்துல குடுத்துட்டு, போன் வந்த மறுகா தன்ட படம் ஒண்டு தெரியாத ஆள்ட்ட இருந்து வந்ததாம். இந்தத் தொழில் செய்யிற எனக்கு அதக் கேக்கத் தலைகுனிவாப் போச்சு. அதால ஒளிக்காமச் சொல்லுறன்.

ரிப்பயார் கடைகள்ல பில் புத்தகத்தப் பாத்திருப்பீங்க. பேர், நம்பர், என்ன பிழை, அதுக்குக் கீழ ஒம்பது புள்ளி. அந்தப் புள்ளியிலதான் உங்கட பற்றர்னைக் கீறிக் குடுக்கிற. அந்தத் துண்டு போனோட சேத்து ரப்பர் பேண்ட் போட்டு மேசையில கிடக்கும், கடையில வேலை செய்யிற பொடியன், சும்மா கதைக்க வந்த கூட்டாளி, எல்லாருக்கும் தெரியும். நான் அந்தப் பழக்கத்த விட்டுட்டன். டிஸ்ப்ளே, பட்டரி, சார்ஜ் போடுற இடம், ஸ்பீக்கர், இதுகள் மாத்த உங்கட லொக் நம்பர் தேவையே இல்ல. மாத்தி முடிஞ்சு சோதிக்கிறதுக்கு நீங்க பக்கத்துல நிண்டு திறந்து காட்டினாக் காணும். கேமரா சோதிக்கணுமெண்டா லொக் ஸ்கிரீன்லயே கேமரா திறக்கும். அதால ஒருத்தர் நம்பர் தாங்க எண்டு கேட்டா, எதுக்கு எண்டு திருப்பிக் கேளுங்க, கேக்கிறது மரியாதக் குறைவு இல்ல.

சாம்சங் போனுக்கு 2022ல இருந்து மெயின்டனன்ஸ் மோட் எண்டு ஒண்டு வந்து கிடக்கு, புதுசான மொடல்கள்ல இருக்கும். செட்டிங்ஸ்ல டிவைஸ் கெயார் எண்ட இடத்துல தேடுங்க. அதப் போட்டுக் குடுத்தா போன் வேலை செய்யும், ஆனா உங்கட போட்டோ, மெசேஜ், அப் ஒண்டும் தெரியாது, திருப்பி வந்து உங்கட லொக்கால கழட்டினா எல்லாம் வரும். கூகுள் பிக்சல்லயும் ரிப்பயார் மோட் எண்டு இருக்கு. இந்த வசதி இல்லாத போனா, குடுக்க முதல் சிம்மையும் மெமரி கார்டையும் கழட்டி வைங்க. மெமரி கார்டுக்கு லொக் கிடையாது, கழட்டி வேற போன்ல போட்டாக் கிடக்கிறது எல்லாம் தெரியும். போன் செத்துப் போய்க் குடுக்கிறதெண்டா வேற வழியில்ல, அப்ப நம்பிக்கையான இடமாப் பாத்து, முடிஞ்சா பக்கத்துல இருந்து திருத்துங்க.

கேள்வி: கொமினிகேசனுக்கு (போட்டோக்கொப்பி, கம்பியூட்டர் வேலை செய்யிற கடைக்கு) ஐடென்டிட்டி கார்ட் படத்த வட்ஸ்அப்ல அனுப்பினா பிரச்சினையா?

பிரச்சினைதான். நம்மட பழைய அடையாள அட்டை நம்பர எடுங்க, ஒம்பது இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் ரெண்டும் பிறந்த வருஷம், அடுத்த மூண்டும் வருஷத்துல எத்தினையாவது நாள் பிறந்தது எண்டது, பொம்பிளையெண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 856 எண்டு கிடந்தா 356ஆவது நாள் பிறந்த பொம்பிள எண்டு ஒரு பார்வையில சொல்லலாம். 2016ல இருந்து வாற பன்னெண்டு இலக்க அட்டையிலயும் அதே கணக்கு, வருஷம் மட்டும் நாலு இலக்கமா. இப்ப யோசிங்க, பிறந்த திகதிய பின் நம்பரா வச்ச ஆள் அடையாள அட்டைப் படத்தக் குடுக்கிறது, பூட்டோட சேத்துத் திறப்பையும் குடுக்கிறது.

போட்டோக்கொப்பி அடிக்க, போர்ம் நிரப்ப, வேலைக்கு விண்ணப்பம் போட எண்டு ஏதோ ஒரு தேவைக்குக் கொமினிகேசன் போகத்தான் வேணும், அவங்களும் நம்மட ஊர் ஆக்கள்தான், குறை சொல்லல்ல. ஆனா அங்க கிடக்கிற கம்பியூட்டர்ல வட்ஸ்அப் திறந்து கிடக்கும், பத்துப் பேர்ட பாஸ்போர்ட் பக்கம் டவுன்லோட் போல்டர்ல கிடக்கும், அடுத்து வாற ஆளும் அதே ஸ்கிரீனத்தான் பாக்கிற. வேலை முடிஞ்ச உடன "அண்ணன் என்ட படத்த அழிச்சுடுங்க" எண்டு சொல்லி, ரீசைக்கிள் பின்லயும் போட்டத அழிக்கிறதப் பாத்துட்டு எழும்புங்க. உங்கட ஈமெயில அங்க திறந்தா லொக் அவுட் பண்ணாம வராதீங்க. படமா அனுப்பத்தான் வேணுமெண்டா அட்டைக்குக் குறுக்கால "இந்த வேலைக்கு மட்டும்" எண்டு திகதியோட எழுதி அனுப்புங்க, வேற வேலைக்கு எடுத்தாத் தெரியும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கெண்டு 2022ல 9ஆம் இலக்கச் சட்டம் நம்மட நாட்டுலயும் வந்திருக்கு. ஆனா சட்டம் உங்கட படத்த அழிச்சுத் தராது, நீங்கதான் நிண்டு அழிப்பிக்கணும்.

கேள்வி: போன்லயே உடனடி லோன் தாற அப் நல்லமா?

வேணாம். இதக் கொஞ்சம் கோவமாத்தான் எழுதுறன். நுண்கடன் எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டி நொந்து போன பொம்பிளையள் நம்மட பக்கத்துல எத்தின பேர் எண்டு உங்களுக்கே தெரியும். அந்த நோவோட இருக்கிற ஆக்கள்தான் இதுல விழுற. அந்த அப் போடக்குள்ள கொண்டெக்ட்ஸ், போட்டோ, எஸ்எம்எஸ் எல்லாத்துக்கும் அனுமதி கேக்கும், சல்லி அவசரம் எண்டு எல்லாத்துக்கும் அலவ். ஒரு நாள் பிந்தினா மச்சாளுக்குக் கோல், வேலை செய்யிற இடத்துக்குக் கோல், கோயில் ஐயாவுக்கும் கோல், இவ சல்லி எடுத்துட்டு ஏமாத்துறா எண்டு. கடன விட மானம் போறதுதான் அவங்கட ஆயுதம். 2023 மே முடிவுல இருந்து கூகுள் பிளே ஸ்டோர்ல இருக்கிற கடன் அப்புகள் கொண்டெக்ட்ஸையும் போட்டோவையும் கேக்கப்படாது எண்டு கூகுளே விதி போட்டது. அதால லிங்க்ல வாற, வட்ஸ்அப்ல ஏபிகே பைலா (பிளே ஸ்டோருக்கு வெளியால போடுற அப் பைல்) வாற கடன் அப்ப கையாலயும் தொடாதீங்க. கடன் இல்லாட்டியும் கலியாணக் கார்ட், போஸ்ட் ஒபிஸ் பார்சல் எண்டு சொல்லி ஏபிகே வந்தாலும் அதேதான். ஏற்கனவே போட்டிருந்தா அனுமதி எல்லாத்தையும் கழட்டி, அப்ப அழிச்சு, சொந்தக்காரருக்கு நீங்களே முந்திச் சொல்லிருங்க, முந்திச் சொன்னா அவங்கட மிரட்டல் செல்லாது.

கேள்வி: மத்த அப்புகளுக்கு எந்த அனுமதிய விடுற, எந்தத மறிக்கிற?

வேலைக்கும் அனுமதிக்கும் தொடர்பு இருக்கா எண்டு பாருங்க. டோர்ச் அப்புக்குக் கொண்டெக்ட்ஸ் எதுக்கு, கலண்டர் அப்புக்கு மைக் எதுக்கு. லொகேசன் கேட்டா அப் பாவிக்கக்குள்ள மட்டும் எண்டதக் குடுங்க. அண்ட்ராய்டு 12 இல்லாட்டி அதுக்கு மேல எண்டா பிரைவசி டாஷ்போர்ட் எண்டு ஒரு இடம் இருக்கு, கடைசியா எந்த அப் கேமரா, மைக், லொகேசன் எடுத்தது எண்டு நேரத்தோட காட்டும், ராவைக்கு ஒருக்காத் திறந்து பாருங்க. கேமராவோ மைக்கோ ஓடக்குள்ள ஸ்கிரீன் மேல பச்சைப் புள்ளி ஒண்டு வரும். ஐபோன்ல மைக்குக்குச் செம்மஞ்சள், கேமராக்குப் பச்சை. நீங்க ஒண்டும் செய்யாம இருக்கக்குள்ள புள்ளி வந்தா, ஸ்கிரீனை மேல இருந்து கீழ இழுத்துப் பாருங்க, எந்த அப் எண்டு தெரியும்.

கேள்வி: நாங்க கதைக்கிறதக் கேட்டுத்தான் விளம்பரம் போடுறாங்களா?

சாறி எண்டு கதைச்சா சாறி விளம்பரம் வருது எண்டு கனபேர் சொல்லுற. மைக்குக்கு வேலையே வராது, அதுக்கு முதலே நம்மள அவங்களுக்குத் தெரியும். நீங்க தேடினது, லைக் போட்டது, எந்த ஊர்ல நிக்கிற, அதே வைபையில இருக்கிற தங்கச்சி என்ன பாத்தது, எல்லாம் சேத்துத்தான் கணிக்கிற. அண்ட்ராய்டுல செட்டிங்ஸ், கூகுள், அட்ஸ் எண்டு போய் விளம்பர ஐடிய அழிக்கலாம். ஐபோன்ல புது அப் ட்ராக் பண்ணவா எண்டு கேட்டா வேணாம் எண்டு அமத்துங்க.

கேள்வி: ஃப்ரீ விபிஎன் போட்டா பாதுகாப்புத்தானே?

2018 மார்ச்லயும், 2019ல உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்ச மறுகாவும், 2022 ஏப்ரல்லயும் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் மறிச்சாங்க. 2019ல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துல வெடிச்சு ஊரே கதிகலங்கி நிக்குது, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைகளுக்கு நாங்க உயிரோட இருக்கம் எண்டு சொல்லணும், அப்ப அந்த மறிப்பத் தாண்டக் கையில கிடைச்ச ஃப்ரீ விபிஎன்ன எல்லாரும் போட்டம். அதப் பிழை எண்டு சொல்லல்ல. ஆனா அப்ப பாவிச்ச போன்களத் திருத்த எடுக்கக்குள்ள இப்பவும் அந்த அப் உள்ளுக்க கிடக்கு. விபிஎன் எண்டா உங்கட இணையப் போக்குவரத்து முழுக்க அவங்கட வீட்டு வாசலால போகுது. ஆர் நடத்துற எண்டே தெரியாத ஃப்ரீ விபிஎன்ன அழிச்சுடுங்க.

கேள்வி: பஸ் ஸ்டாண்ட், ஹோட்டல் வைபை?

பாட்டுக் கேக்க, செய்தி பாக்கப் பரவாயில்ல. பேங்க் வேலைய சொந்த டேட்டாவுல செய்யுங்க, முடிஞ்சா அந்த வைபைய மறக்கச் சொல்லி வைங்க, அடுத்த தரம் தானாச் சேராது.

கேள்வி: படத்துல ஊர், இடம் தெரியுமா?

லொகேசன் போட்டுக்கொண்டு எடுத்த படத்துக்குள்ள எடுத்த இடம் எழுதுபட்டிருக்கும். வட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது கழண்டுரும், டொக்யுமெண்டா அனுப்பினா அப்பிடியே போகும். கேமரா செட்டிங்ஸ்ல இடத்தச் சேமிக்கிறத ஓப் பண்ணுங்க. அதவிடப் பெரிய ஓட்டை வேற, மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குக் குடும்பத்தோட போய் நிக்கக்குள்ளயே பேஸ்புக்ல லைவ் போடுற. வீடு பூட்டிக் கிடக்கு எண்டு நீங்களே சொல்லுறீங்க. வீட்டுக்கு வந்து போடுங்க.

கேள்வி: பழைய போனை விக்க முதல்?

முதல்ல கூகுள் அக்கவுண்டக் கழட்டுங்க, ஐபோன் எண்டா ஐக்ளவுடைக் கழட்டுங்க, இல்லாட்டி வாங்கின ஆளுக்குத் திறக்க ஏலாமப் போய் உங்களத் தேடி வருவார். மறுகா பக்டரி ரீசெட். கேலரியில கையால அழிச்சா மட்டும் காணாது, அத எடுக்க வழி இருக்கு. சிம், மெமரி கார்ட் உங்கட கையில இருக்கா எண்டு பாருங்க. வாங்குறதெண்டா *#06# அடிச்சு வாற 15 இலக்க ஐஎம்இஐ நம்பர (போன்ட அடையாள நம்பர்), ஐஎம்இஐ எண்டு இங்கிலீசுல அடிச்சு இடைவெளி விட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க, பதிவான போனா எண்டு தொலைத்தொடர்பு ஆணைக்குழு பதில் தரும். அந்த நம்பர வீட்டுல ஒரு கொப்பியில எழுதியும் வைங்க, போன் களவு போனாப் பொலிஸ்ல முதல் அதத்தான் கேப்பாங்க.

கேள்வி: புருஷன் பாஸ்வேர்ட் கேக்கிறார், குடுக்கவா?

குடும்பத்துக்குள்ள நான் தீர்ப்புச் சொல்ல வரல்ல. விரும்பிக் குடுக்கிறது உங்கட விருப்பம், பயந்து குடுக்கிறதெண்டா அது வேற விஷயம், அதுக்கு 1938 பெண்கள் உதவி நம்பருக்குக் கதைக்கலாம். கடைக்கு வந்து "வைஃப்ட போன்ல ஒரு அப் போட்டுத் தாங்க, எங்க போற எண்டு பாக்கணும்" எண்டு கேக்கிற ஆக்களும் இருக்காங்க, நான் செய்து குடுக்கிறல்ல. உங்கட போன்ல சந்தேகமெண்டா செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டி, டிவைஸ் அட்மின் ரெண்டையும் திறந்து தெரியாத அப் கிடக்கா எண்டு பாருங்க, பிளே ஸ்டோர்ல பிளே புரொடெக்ட் ஸ்கான் ஓட்டுங்க. அடிக்கிற ஆளோட இருக்கிறீங்களெண்டா அந்த அப்ப உடன அழிக்காதீங்க, அழிச்சது அவருக்குத் தெரியவரும், வேற ஆள்ட போனால முதல் உதவி கேளுங்க.

கேள்வி: என்ட படத்த வச்சு மிரட்டுறாங்க. வீட்டுல சொல்லவும் பயம். என்ன செய்யிற?

முதல்ல, பிழை உங்கட இல்ல. மிரட்டுற ஆள்ட பிழை. இத எத்தின தரம் சொன்னாலும் காணாது.

சல்லி குடுக்காதீங்க, ஒருக்காக் குடுத்தா மறுபடியும் கேப்பான். ஒண்டையும் அழிக்காம, அவன் அனுப்பின மெசேஜ், நம்பர், அக்கவுண்ட் பேர், எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு மறுகா பிளொக் பண்ணுங்க. இணையப் பாதுகாப்புப் பிரச்சினைகளப் பாக்கிற அரசாங்க நிறுவனம் ஸ்ரீலங்கா சேர்ட், 101க்குக் கோல் எடுக்கலாம், பேஸ்புக், டிக்டொக் அக்கவுண்டுப் பிரச்சினைக்கும் அவங்கதான். பொலிஸ் 119, பதினெட்டு வயசுக்குக் கீழ எண்டா சிறுவர் உதவி 1929. ஸ்டொப் என்சிஐஐ எண்டு ஒரு தளம் 2021ல இருந்து இருக்கு, அங்க படத்த அனுப்பத் தேவையில்ல, உங்கட போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி நம்பர் செய்து அத மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் மாதிரி இடங்கள்ல அந்தப் படம் ஏறாம மறிக்கப் பாப்பாங்க. பதினெட்டுக்குக் கீழ எண்டா டேக் இட் டவுன் எண்டது அதே மாதிரி.

அம்மா அப்பாக்களுக்கும் ஒண்டு சொல்லணும். பிள்ள இப்பிடி ஒண்டோட வந்தா போனைப் பறிக்காதீங்க, ஏசாதீங்க. நான் மேல சொன்ன அந்தக் கம்பஸ் தங்கச்சி மூண்டு மாதம் ஒராளுக்கும் சொல்லாமத் திரிஞ்சிருக்கா. கடைசியா அம்மம்மாட்டத்தான் சொன்னாவாம், அந்த வயசாளிதான் கையப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனவ.